பத்து இடத்து மண்

அக்காவுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தாலும் பின்பக்கத் தோட்டம் முழுக்க அவள் கைப்பாடுதான். இந்த வருஷம் காய்ப்பு கொஞ்சம் மந்தம். அதையே சாக்காக வைத்து, அங்கே இரண்டு ரூம் கட்டலாம் என்று தங்கை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

"மண்ணைச் சோதிச்சுப் பார்ப்போம். செத்த மண்ணுன்னு வந்தா கட்டிக்கோ, நான் வாயே திறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள் அக்கா. மண்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சோதனைக்கூடத்தில் சொன்னதை அவள் இம்மியும் மாற்றவில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில் சருகை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுத்தாள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து நிழலில் உலர்த்தினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவள் தங்கைதான்.

"துணி துவைக்கிற இடத்துல எடுக்க வேணாமாக்கா?"

"ஐயோ, அங்க சோப்புத் தண்ணி ஊறிக் கிடக்கு. அதை எடுத்தா மொத்த மண்ணும் கெட்டதுன்னு வந்துடும்."

"ஆபீஸ் போற வழிதானே" என்று மண்பையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் தங்கைதான்.

உப்பேறிய மண், எதுவும் தேறாது என்று முடிவு வந்தது. அக்கா இடிந்துபோனாள். ஆனாலும் சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல. "எத்தனை கூடை எரு போட்டிருப்பேன், நன்றிகெட்ட மண்ணே" என்று திட்டிக்கொண்டே கத்தரியையும் வெண்டையையும் தன் கையாலேயே பிடுங்கினாள். தங்கை அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, செடிகளை அள்ளிக்கொண்டுபோய் வெளியே போட்டாள். கொத்தனார் வந்து சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சோதனைக்கூடத்திலிருந்து போன். "அம்மா, மீதி சோதனையும் முடிஞ்சுது, உங்க மண்ணுல ஜிங்க் தாறுமாறா இருக்கு. தகர வாளியிலயா கலந்தீங்க? அதோட ஜிங்க் பூச்சு மண்ணுல இறங்கிடும். வேணும்னா இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க."

"இல்லீங்களே, நான் பிளாஸ்டிக் வாளியில..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். அந்த வீட்டில் தகர வாளி ஒன்றே ஒன்றுதான். துவைக்கிற கல் பக்கத்தில் கிடப்பது.

போய்ப் பார்த்தாள். வாளியின் அடியில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கல்லுக்குப் பின்னால் ஒரு சாண் ஆழத்தில் ஒரு குழி. அதன் ஓரம் ஒரே கனத்தில் சீவியிருந்தது, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

துவைக்கத் துணியோடு வந்த தங்கையின் முகம் வெளிறியது. "கேட்டா நீ ஒத்துக்கவே மாட்டேக்கா."

"மாட்டேன்தான். சண்டை போட்டிருப்பேன். அதுல தோத்திருந்தாக்கூட மறுநாள் உன்கூடப் பேசியிருப்பேன். நான் செடியைப் பிடுங்கறப்போ பக்கத்துல நின்னு கண்ணைத் துடைச்சியேடி, எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

தங்கை துணிகளைக் கல்லின்மேல் வைத்தாள்.

அக்கா உள்ளே போய் மண்வெட்டியையும் பிளாஸ்டிக் வாளியையும் எடுத்து வந்தாள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். பின்னாலேயே வந்த தங்கை, பழக்கதோஷத்தில் வாளியைத் தூக்கக் கை நீட்டினாள்.

"அதைத் தொடாதே" என்றாள் அக்கா. வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் குழியை வெட்டக் குனிந்தாள்.