கனகாம்பிகையின் உறை

கீழ்வானம் வெளுத்து, செம்மண் தோட்டங்களின்மேல் படிந்திருந்த பனி மெல்லக் கலைய, கிணற்றடிதோறும் நீரிறைக்கும் பொறிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமத் தொடங்க, வாய்க்கால் வழியோடிய தண்ணீர் வாழையடிகளில் தேங்கி நிலத்தைக் குளிர்விக்க, குலை சுமந்த வாழைகள் முட்டுக்கொடுத்த தடிகளிற் சாய்ந்தபடி இலையசைத்து நிற்க, நீர்வேலியூர் விழித்தெழுந்த காலைப்பொழுது அது. தமிழ்நயம் தேர்ந்த அன்பரே, அவ்வூரில் அவ்வேளை திறவாத வாய் ஒன்றே ஒன்று இருந்தது. அது வாழைத்தோட்டக்காரன் சிவகரனின் மனைவி கனகாம்பிகையின் வாய்.

முற்றாக மூடியிருந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வீட்டு ஆட்டோடு அவள் நன்றாகவே பேசினாள்.

"எடியே வெள்ளைச்சி, தேத்தண்ணி ஆறுதாம். குடிக்கிறவை வந்து குடிக்கட்டாம்."

சிவகரன் எடுத்துக் குடித்துப் பார்த்து, அவனும் ஆட்டையே நோக்கினான். "வெள்ளைச்சி, இதிலை சீனி காணாதெண்டு சொல்லு."

"போட வேண்டிய வாய்க்குத்தான் சீனி போடுறதெண்டு சொல்லடி."

இருவருக்கும் நடுவே கட்டுண்டு நின்ற அவ்வேழை ஆடு, வாழைத்தோலை மென்றவாறு, யார் முகத்தைப் பார்ப்பது என்று அறியாமல் திகைத்தது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பை. கனகாம்பிகையின் தமையன் தியாகராசாவின் மகள் திருமணம் அச்சுவேலியில் நிகழவிருக்க, அதற்கென்று அவள் ஆசையாசையாய் வாங்கிய பட்டுச்சேலை, ஓரம் தைப்பதற்காகச் சுன்னாகச் சந்தைத் தையற்காரியிடம் இருந்தது. வாழைக்குலை வெட்டும் அவளது கத்தியும் தீட்டுவதற்காக அதே சந்தையில் இருந்தது. இரண்டையும் எடுத்துவரச் சென்ற சிவகரன், இரண்டையும் ஒரே பையில் இட்டு, உந்துருளியிற் கொழுவிக்கொண்டு, குழியும் மேடுமான வழியெல்லாம் பாட்டுப் பாடியபடி வந்து சேர்ந்தான். தீட்டியவன் தன் தொழிலில் குறை வைக்கவில்லை. மடித்த சேலையின் மேல்மடிப்பிலே சிறு கிழிசலைக் கண்டு, "ஒரு ஓட்டைதானே, தைச்சால் சரி" என்று சிவகரன் ஆறுதல் சொன்னான். கனகாம்பிகை சேலையை விரித்தாள். விரிக்க விரிக்க, ஒவ்வொரு மடிப்பிலும் ஒவ்வோர் ஓட்டை வந்துகொண்டே இருந்தது. அன்று மூடிய வாய்தான்.

வசவு வாங்கியிருந்தால் வாங்கித் தொலைத்திருப்பான். இது பொறுக்க முடியவில்லை. "இஞ்சாருங்கோ" என்று அவள் விளிக்கும் அந்த ஒரு சொல் இல்லாத வீடு, ஆளில்லாத வீடுபோல் அவனுக்குப் பட்டது. போதாக்குறைக்குத் திருமணநாளும் நெருங்கிற்று. வாய் திறவா மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அச்சுவேலிச் சுற்றமெல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்க்குமே! அதற்குள் எப்பாடு பட்டேனும் அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்று துணிந்தான்.

குற்றம் செய்த கத்திக்கு உறையொன்று தைத்துக் கொடுத்து மன்னிப்புப் பெறுவதே வழியெனத் தேர்ந்து, செருப்புத் தைப்பவரிடம் தடித்த தோல் வாங்கி வந்து, கைப்பேசித் திரையிலே தாடி வளர்த்த வெள்ளைக்காரர் ஒருவர் உறை தைக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர் மொழி விளங்காவிடினும் கை விளங்கிற்று என்று எண்ணிக்கொண்டு, வேலையில் இறங்கினான். முதல் உறை அழகாகவே அமைந்தது. கத்தி உள்ளே போனது. போன வேகத்தில் தையலையெல்லாம் அறுத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இரு தோலுக்கும் இடையே, கூர்விளிம்பை ஒட்டி, ஒடுங்கிய தோல்வாரொன்றை வைத்துத் தைக்க வேண்டுமென்பதை அப்போதுதான் கண்டுகொண்டான். இரண்டாம் உறையில் அவ்வாரை மறவாமல் வைத்தான். ஆனால் அளவை இறுக்கிவிட்டான். கத்தி உள்ளேயே போகவில்லை. வெள்ளைச்சி செருமிற்று.

"நீ சிரிக்காதை" என்றான் சிவகரன்.

மூன்றாம் முறை, சோற்றுக்கரண்டி வைக்கும் தட்டிலிருந்து முள்ளுக்கரண்டியை எடுத்து விளிம்போரம் அழுத்தி, துளையிட வேண்டிய இடங்களை ஒரே சீராகக் குறித்து, குத்தூசியால் துளைத்து, தேன்மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இப்பக்கமிருந்தும் அப்பக்கமிருந்தும் வாங்கி இழுத்துத் தைத்து முடித்தான். பின்னர் தோலை நீரில் நனைத்து, மெல்லிய தாளிற் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, கத்தியின் வடிவத்துக்கு விரலால் அழுத்தி அழுத்திப் படியவைத்து, நிழலிற் காயவிட்டு, விளிம்பை ஈரம் தொட்டு மரக்கட்டையால் மினுங்கும்வரை தேய்த்து, தேங்காயெண்ணெயும் மெழுகும் உருக்கிப் பூசினான். கத்தி வழுக்கிக்கொண்டு போய், 'டக்' என்று அமர்ந்தது. அவ்வொலி கேட்டு அவன் துள்ளிக் குதித்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். வெள்ளைக்காரர் தம் உறையில் ஏதோ பெயரைப் பொறித்ததைப் பார்த்து, தானும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி 'கனகாம்பிகை' என்று பொறித்தான். வெறும் பெயரைக் கண்டோர் கத்தியின் பெயரென்று எண்ணிவிடலாகாதே என்று, பக்கத்தில் இன்னொரு சொல்லையும் சேர்த்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போர்க்காலத்திலே பெற்றோரோடு இந்தியாவுக்குப் படகேறி, அங்கே அகதிப்பிள்ளையாய் எழுத்துப் படித்தவன் சிவகரன். அங்கே ரகரமும் றகரமும் அவன் காதுக்கு ஒன்றாகிவிட்டன. பின்பு நாக்கு ஊருக்குத் திரும்பிற்று; கை திரும்பவில்லை. கனகாம்பிகையோ, கோயில் அறிவித்தலிலும் கடைப்பலகையிலும் எழுத்துப்பிழை கண்டால் நின்று திருத்திவிட்டே நகர்பவள்.

திருமணத்தன்று காலை, பழைய சேலையை உடுத்துக்கொண்டு நின்ற அவள்முன் உறையை வைத்தான். அவள் எடுத்தாள். தையலைத் தடவினாள். திருப்பினாள். எழுத்தைக் கண்டாள். முகம் சிவந்தது.

"இஞ்சாருங்கோ! இதென்ன இது?"

"கத்தி உறை."

"வாயாலை வடிவாய்ச் சொல்லுறியள், எழுத்திலை அந்த 'ற' எங்கை போச்சுது? 'கனகாம்பிகை உரை' எண்டு கிடக்குது! கனகாம்பிகை, வாய் திறந்து கதையடி எண்டு எனக்குக் கட்டளையோ?"

சொல்லி முடித்த பின்னரே தான் பேசிவிட்டதை அவள் உணர்ந்தாள். வாயைப் பொத்தினாள், சொல் வெளியேறிவிட்டது.

"வேணுமெண்டுதான் அப்பிடி எழுதினனான்" என்றான் சிவகரன், கிடைத்ததைப் பற்றிக்கொண்டு.

"பச்சைப் பொய்!"

"ஓம், பொய்தான்" என்று தலைகுனிந்தான். "பிழையாய்ப் போச்சுது. சேலையும் பிழை, எழுத்தும் பிழை. ஆனால் நீர் கதைக்காமல் இந்த வீட்டிலை என்னாலை இருக்கேலாது. அது மட்டும் உண்மை."

அவள் உறையை மறுபடி திருப்பினாள். "தையல் நேராய்க் கிடக்குது" என்றாள் மெல்ல.

"தாரும், எழுத்தைத் திருத்தித் தாறன்."

"சுட்டதை எப்பிடித் திருத்திறது? கிடக்கட்டும். வெளிக்கிடுங்கோ, நேரம் போச்சுது."

அச்சுவேலி செல்லும் வழிநெடுக, உந்துருளியின் பின்னிருந்து, ரகரமும் றகரமும் நாவில் எவ்வெவ்விடத்தில் பிறக்கின்றன என்பதை அவள் விரித்துரைக்க, வளைவுதோறும் அவன் "ஓம், ஓம்" என்றான். மணப்பந்தலிலே, சுற்றத்தார் எதை அறியலாகாதென்று அவன் அஞ்சினானோ அதை அவளே, கைப்பையிலிருந்து வெற்றுறையை எடுத்து ஆளாளுக்குக் காட்டி, சேலை கிழிந்தது முதல் எழுத்துப் பிழைத்தது வரை ஒன்றும் விடாமல் சொன்னாள். தியாகராசா சிரித்துச் சிரித்து, தோளிற் கிடந்த சால்வையால் கண் துடைத்தார். சிவகரனும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, அவள் குரலையே கேட்டிருந்தான்.

அன்பரே, கத்திக்கு உறை வாய்த்தது. கனகாம்பிகையின் உரைக்கோ உறையில்லை. தோலும் நூலும் மிச்சமிருந்தும், அதற்கு உறை தைக்கும் எண்ணம் சிவகரனுக்கு இன்றுவரை எழவில்லை.