காளையின் பேரில் இருந்த கிணறு

பேரையூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயி காளை இறந்த அன்று, அவர் பேரில் இருந்த எல்லாம் அவர் மனைவி அழகம்மாளின் கைக்கு அடங்க மறுத்தன. பக்கவாதத்தில் படுத்தவர், நிலத்தையும் கிணற்றையும் பார்த்துக்கொள்ள அவளுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மூச்சு நின்றதும் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரும் நின்றது. பீரோச் சாவி திரும்பவில்லை. அவர் பைக்கைத் தள்ளினால் சக்கரம் வேர்விட்டதுபோல் நின்றது. மெக்கானிக் வந்து, கரண்டு இருக்கிறது, மோட்டாரின் காயில் சுற்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். வக்கீலுக்கும் இதில் ஆச்சரியமில்லை.

"பவரு அவரு உசுரோட இருக்கிற வரைக்குந்தாம்மா. இனி வாரிசு யாருன்னு பாக்கணும்."

"நீங்க பாக்குற வரைக்கும் பருத்தி காத்திருக்குமா சார்?"

படுக்கையில் கிடந்தபடி காளை சொல்லச் சொல்ல விதைத்த கடைசி வெள்ளாமை அது. காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரில்லாமல் செடி தலை தொங்கியது. அதையும் சாகவிட அவளுக்கு மனமில்லை.

மகன் இல்லாத வீடு என்பதால், கருமாதியன்று வழக்கப்படி காளையின் தம்பி மகன் அழகுபாண்டிக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டினார்கள். உருமால் ஏறிய தலைதான் செத்தவருக்கு அடுத்த தலை. அவன் அப்படியே தோட்டத்துக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்தினான். மோட்டார் ஓடியது. ஆனால் தண்ணீர் பருத்திப் பக்கம் இறங்காமல் மேட்டில் ஏறி, வரப்பைத் தாண்டி, அவனுடைய சோளத்துக்குள் போனது.

"பெரியம்மா, சத்தியமா நான் மடை திருப்பல. அதுவா ஏறுது!"

"மேட்டுல ஏறுற தண்ணிய நீ எங்கிட்டுடா திருப்புவ? ஒதுங்கு."

மோட்டாரை நிறுத்தப் போனாள் அழகம்மாள். ஈரக் கையோடு போகிறாளே என்று பதறி, மகள் திவ்யா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். இருவர் கையும் சேர்ந்து ஸ்டார்ட்டர் பெட்டிமேல் விழுந்தன. தண்ணீர் மேட்டிலேயே கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு திரும்பிப் பருத்திக்கு இறங்கியது.

"கைய எடுத்துராத."

"எம்புட்டு நேரம்மா?"

"கடைசிப் பாத்தி நனையிற வரைக்கும்."

அழகுபாண்டி உருமாலை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு மடை பார்க்கப் போனான். அன்றைக்குச் சோளம் குடித்த தண்ணீரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வாரிசுச் சான்றிதழ் பிறகு வந்தது. அதிலும் மனைவி, மகள் என்று இரண்டே பேர். பட்டா மாறியும் மோட்டார் மாறவில்லை; இருவர் கையும் கேட்டது. திவ்யா இப்போது ஒத்தக்கடை என்னும் ஊரில் வேலை பார்க்கிறாள். தண்ணீர் பாய்ச்சும் நாளுக்கு லீவு போட்டு பஸ் ஏறி வருகிறாள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாத வாரங்களும் உண்டு. அப்போதும் ஒருத்தி வடக்கே பார்த்துக்கொண்டும் இன்னொருத்தி தெற்கே பார்த்துக்கொண்டும் பெட்டியில் கைவைத்து நிற்பார்கள். பருத்தி நனையும்.