தள்ளி நிற்கச் சொன்னவள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. விடுமுறைக் காலத்தில் பெரிய குடும்பமாகச் சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று ஒரு பயண இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. இருபத்திரண்டு பேரைக் கட்டி மேய்த்து வந்தவள் என்பதால் கேட்டார்கள். முதல் பத்தி சுலபமாக வந்தது:

"லிப்டுக்குக் கால் மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருங்கள். சாப்பாட்டு மேசையை முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை போட்டால் நீச்சல்குளத்தில் தேடுவது எளிது. குடும்பப் படம் எடுக்கும்போது—"

அங்கேயே நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை முடிக்க முடியவில்லை.

2

ஆகவே கதை. இதில் வரும் மூத்த மருமகள் நான்தான். 'நான்' என்று எழுதினால் சாக்குச் சொல்லத் தோன்றுகிறது. 'அவள்' என்றால் கொஞ்சம் நேர்மையாக இருக்க முடியும் போலிருக்கிறது.

மூத்தவள் நான்கு மாதம் முன்பே அறைப் பட்டியல் போட்டாள். மாமனார், மாமியார் அறை லிப்டுக்குப் பக்கத்தில். சின்னவளுக்கும் அவள் மகளுக்கும் அதற்கு எதிர் அறை. சின்னவள் அவளுடைய ஓரகத்தி. சின்னவளின் கணவன் மூன்று வருடங்களுக்கு முன், வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில், வாசலிலேயே சரிந்து இறந்துபோனவன். அதன் பிறகு குடும்பம் ஒன்றாகப் போகும் முதல் பயணம் இது. எல்லோரும் பழையபடி சிரிக்க வேண்டும் என்பது மூத்தவளின் திட்டம். சிரிப்பதற்கும் அவளிடம் பட்டியல் இருந்தது.

3

மூன்றாம் நாள், நடுப் படிக்கட்டில் குடும்பப் படம். பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் வரிசையில் நின்றன. படம் எடுப்பவருக்கு அவசரம்.

"ஜோடி ஜோடியா நில்லுங்க. பெரியவங்க நடுவுல, பசங்க கீழ்ப்படியில." பிறகு சின்னவளைப் பார்த்து, "மேடம், உங்க வீட்டுக்காரர் எங்க? கூப்பிடுங்க, வெயிட் பண்றோம்."

மாமியாரின் முகம் சுருங்கிப் போனது.

(இந்த இடத்தில் மூத்தவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதிப் பார்த்தேன்: "அவ என் பக்கத்துல நிப்பா, நீங்க எடுங்க." அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.)

"ஏம்மா, இந்த ஒரு படத்துக்கு மட்டும் நீ கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றாள் மூத்தவள்.

"சரிக்கா" என்று இறங்கிப் போன சின்னவள், எல்லோருடைய கைப்பைகளையும் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கீழ்ப்படியில் இருந்த அவள் மகள் மட்டும் அம்மாவைத் தேடித் திரும்பிக்கொண்டே இருந்தாள். எத்தனை முறை எடுத்தும் அந்தக் குழந்தையின் முகம் பக்கவாட்டில்தான் விழுந்தது.

4

மறுநாள் காலை மூத்தவள் மேல்தளத்தில் சின்னவளைத் தேடிப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். (கேட்டாளா? இல்லை. "காபி குடிச்சியா?" என்று கேட்டாள்.)

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். மருந்துக்கடையில என்கூட வேலை பார்க்கிறவர்."

"நேத்து நான் சொன்னதுக்காகவா?"

"நீங்க வேற. ஆறு மாசமா மனசுல போட்டு உருட்டிட்டு இருக்கேன். எல்லாரும் ஒரே இடத்துல இருக்கும்போது சொல்லிடலாம்னுதான் இந்தப் பயணத்துக்கே வந்தேன். அத்தைகிட்ட நீங்க பேசுறீங்களா? நீங்க சொன்னா தாங்கிப்பாங்க."

"பயணம் முடியட்டுமே."

"முடிஞ்சா ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்கக்கா."

மூத்தவள் கடலைப் பார்த்தாள்.

(கடலைப் பற்றி இங்கே நான்கு வரி இருந்தது. பதில் சொல்ல முடியாத இடத்திலெல்லாம் கடலைக் காட்டி நழுவுவது எழுதுகிறவர்களின் திருட்டுத்தனம். எடுத்துவிட்டேன்.)

5

கடைசி நாள் மதியச் சாப்பாட்டில் சின்னவள் தானே எழுந்து நின்று கல்யாணச் செய்தியைச் சொன்னாள்.

மாமியார் பேத்தியைப் பார்த்தார். "அப்போ இவளையும் கூட்டிட்டுப் போயிடுவியா?"

"எங்க இருந்தாலும் அவ உங்க பேத்திதான் அத்தை."

"நீ?"

அது சின்னவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. மேசையே மூத்தவள் பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் எதையும் பேசி முடித்து வைப்பவள் அவள்தான்.

முடிவு ஒன்று: மூத்தவள் எழுந்து போய்ச் சின்னவளைக் கட்டிக்கொண்டாள்.

முடிவு இரண்டு: "அவ எப்பவும் நம்ம வீட்டுப் பொண்ணு அத்தை" என்றாள். மாமியார் அழுதார். பிறகு எல்லோரும்—

(வேண்டாம். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டும் பொய்.)

நடந்தது இது. மூத்தவள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் தண்ணி கொண்டு வாங்க" என்றாள். சின்னவள் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வந்தது. குடித்தோம்.

'குடித்தார்கள்' என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

6

சென்ற மாதம் சின்னவளின் கல்யாணம் நடந்தது. எல்லோருக்கும் அழைப்பு வந்தது. மாமனார் மட்டும், யாரிடமும் சொல்லாமல், போய் வந்தார். "பிள்ளை நல்லா இருக்கா" என்றார். மருமகளைச் சொன்னாரா, பேத்தியைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினால் போனதற்குச் சமம் என்று நினைத்தேன். சமமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் சின்னவள் படிக்க வேண்டும். எந்த வரியையும் அவள் அடிக்கலாம், மொத்தமாகவே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆக, இது உங்கள் கைக்கு வந்திருந்தால் அவள் சம்மதித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் வேறு, மன்னிப்பு வேறு.

இதை அவளுக்குத் தபாலில் அனுப்ப உறையில் முகவரிகூட எழுதினேன். கிழித்துவிட்டேன். நேரில் போகிறேன். கதவை யார் திறப்பார்கள், என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. செருப்பு மாட்டியாயிற்று.