காளான் மலையில் ஒரு குரல்

குரல் கேட்டபோது ஹேசுக் ஒரு பைன் மரத்தடியில் மண்டியிட்டு, உதிர்ந்து கிடந்த ஊசியிலைகளை விரலால் விலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு காளான், இப்போதுதான் தலையை நீட்டியிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

கீழே பள்ளத்திலிருந்து ஓர் ஆண்குரல். 'இருக்கோம்' என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் கணவன் தொக்சு அவள் தோளை அமுக்கி உட்காரவைத்தான்.

"மூச்! வாயத் திறந்தா இடம் தெரிஞ்சுடும். திருட்டுப் பயலுங்க இப்படித்தான் கத்திக் கத்தி மோப்பம் புடிப்பானுங்க. மலையில பொறந்தவன் எவனும் காளான் காட்டுல கூப்பிட மாட்டான். கூப்பிட்டா ஏன்னு கேக்கவும் மாட்டான்."

அந்த மலைக்காரர்கள் உயிரைக் கேட்டாலும் கொடுப்பார்கள், தங்க விலை போகும் அந்தக் காளான் முளைக்கும் இடத்தை மட்டும் கொடுக்கமாட்டார்கள். தொக்சுவின் அப்பா பெற்ற பிள்ளைக்கே கண்ணை மூடும்போதுதான் சொன்னார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கணவனும் மனைவியும் தேகு நகரத்திலிருந்து இங்கே வந்து தங்குவார்கள். ஒவ்வொரு முறையும் ஹேசுக்கை விடுதியிலேயே விட்டுவிட்டு அவன் மட்டும் கூடையோடு கிளம்புவான். இந்த வருஷம் அவனுக்கு முட்டிவலி. கூடை சுமக்க ஆள் வேண்டியிருந்தது. காரணம் எதுவாக இருந்தால் என்ன, கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு கணவன் தன்னை நம்பிவிட்டான் என்று ஹேசுக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. காலையிலிருந்து புதுப்பெண் மாதிரி அவன் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

குரல் மறுபடியும் கேட்டது. கரகரத்து, இழுத்து. மூன்றாவது முறை வார்த்தை முழுசாக வரவில்லை. அப்புறம் காற்று மட்டும்தான்.

"பாத்தியா? சலிச்சுப் போய்ப் போயிட்டான்," என்று தொக்சு சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் விடுதி முற்றத்தில் அடுப்பு மூட்டி, காளானைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து வாட்டினார்கள். எள்ளெண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டால் சொர்க்கம் வேறெங்கும் இல்லை. எதிர்ச்சரிவு முழுக்க மேப்பிள் சிவந்து கிடந்தது. தொக்சு அரிசிக் கள்ளைக் கிண்ணம் கிண்ணமாக உள்ளே தள்ளினான். எங்கே பறித்தீர்கள் என்று விடுதிக்காரி ஓக்பூன் கேட்கவில்லை. அந்த ஊரில் அதைக் கேட்பது மரியாதையில்லை. அவள் அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகு கொண்டுவர வேண்டிய அவள் அண்ணன் மன்சிக்கைக் காணோமாம். ஹேசுக்குக்கு அதன்பிறகு ஒரு கீற்றுகூட இறங்கவில்லை.

விடிந்தபோது மூடுபனி முற்றம்வரை வந்திருந்தது. ஊர் ஆண்கள் கயிறும் கம்புமாக நின்றார்கள். மன்சிக்கின் பைக் மேற்கு ஓடைப் பக்கம் நிற்கிறதாம். எல்லோரும் மேற்கேதான் போகப் போகிறார்கள்.

ஹேசுக் அறைக்குள் ஓடினாள். "என்னங்க, நாம கேட்டது கிழக்குல. இடம் தெரியக்கூடாதுன்னு பைக்க எதிர்ப்பக்கம் விட்டிருப்பாரு. சொல்லிடலாங்க."

"அது அவரா இருக்காது. மன்சிக் அண்ணன் போயி காட்டுல கூப்பாடு போடுவாரா? எவனோ வெளியூர்க்காரன்."

"அவராவே இருந்தா?"

தொக்சு கையிலிருந்த பல் துலக்கும் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா அந்த இடம் இன்னியோட போச்சு ஹேசுக். உன்ன நம்பித்தானே கூட்டிட்டுப் போனேன்?"

அந்த வார்த்தை அவளைக் கட்டிப்போட்டது. அவர் சொல்வதும் சரிதானே, மலைக்காரர் கூப்பிடமாட்டார்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓக்பூன் தேடப் போகிறவர்களுக்குச் சோற்றுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஹேசுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவன் ஒலிபெருக்கியைத் தூக்கி, "மன்சிக் அண்ணே!" என்று கத்திப் பார்த்தான்.

"எதுக்குப்பா கத்தற? தொண்டத்தண்ணி வத்துறதுதான் மிச்சம்," என்றாள் ஓக்பூன். "எங்கண்ணன் மலையில வாயத் திறக்க மாட்டாரு. ஒருதரம் கால ஒடிச்சுக்கிட்டு வீடுவரைக்கும் ஊர்ந்தே வந்த மனுஷன். ஒரு சத்தம் போடல. அவரு கூப்பிடணும்னா உசுரு போயிட்டிருக்கணும்."

ஹேசுக்கின் கை நின்றது. நேற்று முழுசாக வராத அந்த மூன்றாவது கூப்பாடு இப்போது அவள் காதுக்குள் முழுசாகக் கேட்டது.

"கூப்பிட்டாரு அக்கா," என்றாள்.

"என்னது?"

"நேத்து. கிழக்குச் சரிவுல, பள்ளத்துலேர்ந்து. மூணு தடவ."

அறை வாசலில் தொக்சு நின்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிழக்கு வழியில் நொண்டி நொண்டி முன்னால் நடந்தான். ஆண்கள் அவன் பின்னால் ஓடினார்கள். பனி ஒவ்வொருவராக விழுங்கியது.

ஓக்பூன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அவரு கூப்பிட்டப்போ," என்று மெதுவாகக் கேட்டாள், "நீங்க என்ன சொன்னீங்க தங்கச்சி?"

ஹேசுக் குனிந்துகொண்டாள். ஓக்பூனின் கை உருண்டையை இறுக்கிக்கொண்டே இருந்தது. சோறு பிதுங்கி, விரலிடுக்கு வழியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.