மேஸ்திரி காதில் ஊதிய சங்கு

காரைக்கால் அம்மையார் மேல் சத்தியம், மஸ்தான் சாகிபு தர்கா மேல் சத்தியம், தேற்றரவு மாதா மேல் சத்தியம். நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஓரிடத்தில் மட்டும் சத்தியம் செய்கிறவனுக்குத் தப்பி ஓட இரண்டு இடம் மிச்சமிருக்கும். நான் அந்த வழியையும் அடைத்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போக ஒன்றிரண்டு வருஷம் இருந்தபோது நடந்தது. கோட்டுச்சேரி போகிற சாலையில் ஓர் அரிசி மில். அதன் வாசலில் நான் சுருட்டு விற்றுக்கொண்டிருந்தேன். உள்ளே நெல் அவிக்கிற, காயவைக்கிற பெண்களில் ஒருத்திகூட மில்லின் ஆள் இல்லை. முகைதீன் பிச்சை மரைக்கார் என்ற மேஸ்திரி அவர்களைத் திரட்டி அனுப்புவார். மில் அவருக்குப் பணம் தரும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகத் தருவார். அத்தனை பேரும் தற்காலிகம். இசபெல்லா என்ற பெண் ஆறு வருஷமாகத் தற்காலிகமாக இருந்தாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். புருஷன் மரியமுத்து பேண்டு கோஷ்டியில் கிளாரினெட் வாசிப்பவன். கல்யாண மாதங்களில் வீட்டுக்குப் பணம் கொண்டுவருவான். மற்ற மாதங்களில் பாட்டு கொண்டுவருவான். பிள்ளை பிறக்க வேண்டியதோ தவக்காலத்தில். தவக்காலத்தில் மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது; கல்யாணம் இல்லாவிட்டால் கிளாரினெட் பெட்டியை விட்டு வராது. இசபெல்லா களத்தை விட்டுப் படுத்தால் வீட்டு அடுப்பும் கூடவே படுத்துவிடும். பிள்ளை பெறுகிறவளுக்கு மூன்று மாதச் சம்பளம் உண்டென்று பிரெஞ்சுச் சட்டத்தில் இருப்பதாக ஊரில் பேச்சு. பேசியவர்கள் நிறைய, வாங்கியவர்களைத்தான் காணோம்.

அவள் மில் மேனேஜர் நீலமேகத்திடம் போய்க் கேட்டாள்.

"நீ மேஸ்திரி ஆளும்மா. அவரப் போய்க் கேளு," என்றார் அவர்.

மேஸ்திரியிடம் போனாள்.

"வேலை வாங்குனது மில்லு. அங்க போய்க் கேளு புள்ள."

"காலையில நீங்க அனுப்புறீங்க, சாயங்காலம் அவங்க அனுப்புறாங்க. நடுவுல நான் யாரு ஆளு மரைக்கார்?"

"நடுவுல நீ நெல்லோட ஆளு."

இவரிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து இவரிடம் என்று அவள் நடந்த நடையில் பாதை பள்ளமாகி, மழை பெய்ததும் வாய்க்காலாகிவிட்டது. பின்னாளில் அதில் கெண்டை பிடித்தவர்கள் உண்டு.

கடைசியாக மேஸ்திரி வீட்டுக்கே போனாள். அவர் பெஞ்சாதி கைருன்னிஸா நல்ல மனசுக்காரி. வயிற்றுப்பிள்ளையோடு வந்தவளை நிற்க விடவில்லை.

"மொகம் வாடிக் கெடக்கே. வாய்க்கு என்னடி கேக்குது? மாங்காயா, இறால் வாடாவா? வாய் விட்டுச் சொல்லு, செஞ்சு தர்றேன்."

இசபெல்லா கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, எனக்கு மூணு மாசச் சம்பளம் திங்கணும் போல இருக்கு."

ஊஞ்சலில் இருந்த மேஸ்திரிக்குப் புரையேறியது. "ஏழாம் மாசத்துல என்ன மசக்கை?"

"தற்காலிக ஆளுக்கு எல்லாமே தாமசமாத்தான் வருது."

"சம்பளம் என்ன திங்குற பண்டமா?"

"எங்க கூலியில நீங்க திங்குறீங்களே மரைக்கார். நல்லாத்தானே இருக்கு?"

கைருன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை மறுத்தால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மறுத்தவர் காதுக்கு என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி பசியாறிக்கொண்டிருந்தபோது அவருடைய இரண்டு காதிலும், வேலை நேரத்துக்கு ஊதுகிற மில் சங்கு ஊதியது. அவருக்கு மட்டும் கேட்டிருந்தால் வியாதி என்று விட்டிருக்கலாம். தெருவுக்கே கேட்டது. மத்தியானமும் ஊதியது. வேலை விட்டுப் போன பெண்கள் அடுத்த ஷிப்டு வந்துவிட்டதென்று தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார்கள். கோட்டுச்சேரி பஸ் நேரத்துக்கு முன்பே கிளம்பிப்போனது. காரைக்கால்மேட்டில் ஏலம் கூவியவர் முடிந்ததென்று நினைத்து ஒரு வஞ்சிரத்தை நெத்திலி விலைக்கு விட்டுவிட்டார்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டார்கள். சங்கு இன்னும் தெளிவாக ஊதியது.

மேனேஜர் நீலமேகம் ஓடிவந்தார். "மரைக்கார், கண்ட நேரத்துல சங்கு ஊதி ஆள் வந்துட்டா கூலி யார் குடுக்குறது? உங்க காது, நீங்கதான் பாத்துக்கணும்."

"காது என்னுதுதான். உள்ள ஊதுறது உங்க மில்லு சங்குல்ல?"

"சங்கு எங்க கூரை மேல இருக்கு. இது உங்க ஆளு."

"என் காதுல வேலை பாக்குது. அதனால என் ஆளாயிடுமா?"

கைருன்னிஸா இஞ்சி தட்டிய டீயைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "இதையேதான அந்தப் புள்ளைகிட்டயும் சொன்னீங்க? ரெண்டு பேரும் பாதிப் பாதியா குடுத்துத் தொலைங்க. எனக்குத் தூக்கம் போச்சு."

மேஸ்திரி அன்றே தம் பாதியை இசபெல்லா கையில் கொடுத்தார். அந்த நொடியே இடது காது நின்றது. வலது காது மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. மேனேஜர் முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நாள் கடத்தினார். மேஸ்திரி லேசுப்பட்டவர் இல்லை. நேரே மில் ஆபீசுக்குப் போய், மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் முதலாளியின் சம்மதம் வந்துவிட்டது.

இசபெல்லா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள்: "இப்ப எப்படி இருக்கு மரைக்கார்?"

"அமைதியா இருக்கு தாயி. பெத்துப் பொழைச்சுட்டு மெதுவா வா."

தவக்காலத்தில் பெண்குழந்தை பிறந்தது. வேலை இல்லாததால் மரியமுத்து வீட்டிலேயே இருந்து தாலாட்டுக்குக் கிளாரினெட் வாசித்தான். குழந்தை தூங்கியது, அண்டை வீட்டார்தான் தூங்கவில்லை. ஈஸ்டர் கழித்து, உடம்பு தேறித் தன் இஷ்டப்படி இசபெல்லா களத்துக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு வயிறு தெரிகிற எந்தப் பெண்ணைக் கண்டாலும் மேஸ்திரி தாமே போய், "என்ன திங்கணும் தாயி, சம்பளம்தானே?" என்று கேட்டுவிடுவார். மூட்டை தூக்குகிற அடைக்கலராஜ்கூட வயிற்றை எக்கித் தள்ளிக்கொண்டு ஒரு தடவை அவர் எதிரே நடந்து பார்த்தான். அவனுக்கு மாங்காய்தான் கிடைத்தது.

அந்தச் சங்கையும் அவர்கள் பேச்சையும் ஒன்று விடாமல் கேட்டவன் நான். ஐந்து வயதில் அம்மை வார்த்ததிலிருந்து எனக்கு இரண்டு காதும் கேட்காது.