பாதி ரோல்

தேவராஜை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்ததால், ஒருவர் பின்னால் நின்று வெள்ளைத் துணியால் அதை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். ஜெகதாம்பாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கணவனின் கால் கட்டைவிரல்களைப் பிணைத்திருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டோகாரன இன்னும் காணமே. பட்டாபிராம்லேந்து வர்றதுக்கு இம்மா நேரமா?” என்றாள் தேவராஜின் சித்தி அங்கம்மா.

“போட்டோகாரன் இன்னாத்துக்கு சித்தி?”

கேட்டவள் தேவராஜின் தங்கை பார்வதம். விடியற்காலையில் நெமிலிச்சேரியிலிருந்து முதல் ரயில் பிடித்து ஓடிவந்தவள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

“நைனா கேமரா அஞ்சு உள்ள கீது. எங்க அண்ணன எவனோ ஒருத்தன் வந்து புடிக்கணுமா? நான் எடுக்கறேன். அண்ணி, பொட்டி சாவி குடுங்க.”

ஜெகதாவின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. பெட்டியில் இருப்பது ஒரே ஒரு கேமராதான் என்பது இந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரியும். மற்ற நான்கையும் போன மாதம், தேவராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாடி கடைத்தெருவில் பழைய ரேடியோ வாங்கி விற்கும் ஒருவனுக்கு அவளே விற்றிருந்தாள்.

அந்தப் பச்சைத் தகரப் பெட்டி மாமனார் கன்னியப்பனுடையது. உலகப் போர்க் காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் ஒரு வெள்ளைக்காரருக்குச் சமைத்துப் போட்டவர். துரை கப்பலேறும்போது விட்டுப்போனவை அந்தக் கேமராக்கள். கன்னியப்பன் தானாகக் கற்றுக்கொண்டு மகனுக்கும் மகளுக்கும் கற்றுக் கொடுத்தார். தேவராஜ் டாங்க் ஃபேக்டரி வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தாபுதுப்பேட்டையின் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் அவன்தான் படம். கூட வந்து நிற்பவள் பார்வதம். திரும்பி வந்ததும் இருவரும் பின்னறையில் ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டிவிட்டு ரோல் கழுவுவார்கள்.

ஜெகதா டீயோடு போய்க் கதவுக்கு வெளியே நிற்பாள்.

“தொறக்காத ஜெகதா, வெளிச்சம் பட்டுடும்” என்று உள்ளிருந்து அவன் குரல் வரும். பின்னாலேயே பார்வதத்தின் சிரிப்பு. எதற்கென்று தெரியாது. டீயில் ஆடை படியும்வரை நிற்பாள்.

வேறொருத்தி என்றால் தெருவில் நின்று கத்தியிருக்கலாம். கூடப்பிறந்தவளோடு இருட்டில் படம் கழுவுகிறவனை என்னவென்று கேட்பது? நாத்தனாரைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் அவளுக்கே அசிங்கம். பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அது இத்தனை வருஷமும் அங்கேயே இருந்தது. நாக்கு மட்டும் போய்ப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில் அவளை ஒரு தரம் எடுத்தான். முகம் கலங்கி விழுந்திருந்தது. “ஆடிட்டியேடி” என்றான். பார்வதம் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவன் கேமராவைத் தூக்கினால் ஜெகதா அடுப்படிக்குப் போய்விடுவாள். அவனும் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் சொன்னான்: “எனக்கு எதுனா ஆச்சுன்னா கேமராவெல்லாம் பார்வதத்துக்குக் குடுத்துரு. உனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி.” தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. மறுநாளே அந்த ரேடியோக் கடைக்காரனை வரவழைத்தாள்.

அவன் நான்கை எடுத்துக்கொண்டு, ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “உள்ள ரோல் கீதும்மா. பாதி எடுத்துக்கீறாரு. கழுவிக்கினு அப்பால குடு.”

அவள் கழுவக் கொடுக்கவில்லை. அந்தப் பாதியில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தெரிந்துவிடுமோ என்றும் இருந்தது.

“அண்ணி... சாவி.”

எல்லோரும் பார்த்தார்கள். ஜெகதா எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே பூட்டு திறந்தது. பெட்டி மூடி கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. இப்போது கத்தப் போகிறாள் என்று ஜெகதா காத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றேன் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் ஏது செலவு என்று சித்தியே கேட்டுவிடுவாள்.

பார்வதம் ஒற்றைக் கேமராவோடு வெளியே வந்தாள். ஜெகதாவை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு லென்ஸில் ஊதி, முந்தானையால் துடைத்தாள்.

“அந்த ரெட்டைக் கண்ணு கேமரா எங்கடி? அதுலதான் மூஞ்சி லட்சணமா வுழும்னு சொல்லுவானே” என்றாள் அங்கம்மா.

ஜெகதா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இந்த வெயிலுக்கு இதான் சித்தி சரி. நீ நவுந்து நில்லு, உன் நெழலு அண்ணன் மேல வுழுது.”

ஜெகதாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பொய்யைக்கூட எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். திருட்டுப்பட்டம் எனக்கு, பெரிய மனசும் அவளுக்கேவா? கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

“ரோல் உள்ள கீது. பாதி எடுத்து வச்சிக்கீது அண்ணன்” என்று யாரிடமோ போலச் சொன்னாள் பார்வதம். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது; தேவராஜின் அதே சுருக்கம்.

“தலய தூக்குங்க அண்ணி. பூ தெரியட்டும்.”

ஜெகதா தூக்கினாள். கூந்தல் நிறைய வைத்துவிட்டிருந்த மல்லிகை கழுத்தில் குளிர்ந்தது.

“ஆடாதீங்க.”

ஆடவில்லை. பக்கத்தில் தேவராஜும் ஆடவில்லை. கிளிக் என்ற சத்தம் பறையொலியில் அநேகமாகக் கேட்கவேயில்லை.

ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் தெரு காலியானது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜெகதாவை மூலையில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். பார்வதம் வந்து சாவியை அவள் மடியில் வைத்தாள். கேமராவைப் பக்கத்தில் வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் பாக்கி கீது ரோல்ல. முடிஞ்சதும் கழுவிக்கலாம்” என்றாள். மற்ற நான்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய், நாற்காலியில் கட்டியிருந்த துணியை, திறந்த கதவுக்கு நேரே இருந்த குழாயடியில் அலசத் தொடங்கினாள்.

முதல் பாதியும் இன்றைய படமும் ஒரே சுருளில் இருக்கின்றன. பின்மூடியைத் திறந்துவிட்டால் எல்லாம் போய்விடும். ஜெகதாவின் நகம் மூடியின் விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

கண்ணாடிக்குள் இரண்டு பார்வதங்கள் இருந்தார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி கலங்கலாக. அவன் செய்வதைப் பார்த்திருந்ததால் முன்வளையத்தைத் திருகினாள். இருவரும் விலகிப் போனார்கள். மறுபக்கம் திருகினாள். மெல்ல நெருங்கி வந்து ஒருத்தியானார்கள். அவிழ்ந்த கொண்டை, முதுகில் ஒட்டிய ஈர ரவிக்கை.

பார்வதம் திரும்பாமலேயே சொன்னாள்: “சூரியன் எதிர்ல கீது அண்ணி. கறுப்பாதான் வுழுவேன்.”

“தெரியும்” என்றாள் ஜெகதா.

தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினாள்.

பார்வதம் எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு குழாயின் மறுபக்கம் போய், சாயங்கால வெயில் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, அந்தத் துணியையே மறுபடி அலசினாள்.