கேள்வி எண் பதினான்கு

வரவேற்பில் இருந்த பெண் இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டபோது, அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தொலைத்துவிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "ரொக்கமாவே கொடுத்துடறேம்மா" என்றார். கார்டு பையில்தான் இருந்தது, விரலில் தட்டுப்பட்டது.

"கார்டு இருந்தா கம்பெனியே கட்டிடும் சார். வருஷத்துக்குப் பத்து தடவை வரைக்கும்."

"பரவால்ல."

"ரசீது?"

"வேணாம்."

"பேராவது சொல்லுங்க சார், யாருன்னு உள்ள அனுப்பறது?"

மச்சான் பேரைச் சொன்னார். மச்சான் கல்லைத் தின்றாலும் செரித்துக்கொண்டு, படுத்த நிமிடம் குறட்டை விடும் மனிதர். மனநல ஆலோசகரிடம் போகும் அவசியம் ஏழு ஜென்மத்துக்கும் அவருக்கு வராது. அந்தப் பெயராவது ஒருமுறை போய் வரட்டும் என்று இவருக்குத் தோன்றியிருக்கலாம்.

கம்பெனி கட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தக் கம்பெனியின் மூன்றாவது மாடியில்தான் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளைப் படித்து, கொடுக்காமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆய்வாளர் என்று பலகையில் போட்டிருக்கும். பூதக்கண்ணாடி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எதிர் மேசைக்காரருக்கு வானொலி என்று பெயர். மனநலச் சிகிச்சைக்கான கோப்புகள் முதலில் அவரிடம்தான் போகும். தேநீர் நேரத்தில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார். "இந்தம்மா லிஃப்ட்ல ஏறினா அழுவுதாம்பா. இறங்கினா சரியாயிடுதாம். மாடிப்படின்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்கறத யாராவது சொல்லுங்களேன்." மாடியே சிரிக்கும். பூதக்கண்ணாடியும் சிரித்திருக்கிறார்.

போன வருடம் மேலாளர் மனநல வாரம் கொண்டாடினார். மனம் திறந்து பேசுங்கள் என்று சுவரெல்லாம் ஒட்டி, பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று, ஒருவரையும் வாய் திறக்க விடாமல் தொண்ணூறு நிமிடம் பேசினார். பிறகு கேக் வெட்டினார்கள். கம்பெனி தரும் அந்தப் பத்து இலவச அமர்வுகளை ஊழியர்களில் ஒருவர்கூட இதுவரை பயன்படுத்தவில்லை. எங்கள் ஊழியர்களின் மன உறுதிக்கு இதுவே சான்று என்று ஆண்டறிக்கையில் அச்சடித்தார்கள்.

பூதக்கண்ணாடியைப் பிடித்தது ஒரு கண்ணாடிக்காரர். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. நாற்பத்து நான்கு வயது. வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். கோப்பில் இருந்த புகைப்படத்தில் காதிடுக்கில் பென்சில் இருந்தது. படம் எடுக்கும்போது எடுத்து வைக்க மறந்திருக்கிறார். மனைவி எதையும் பிரித்துப் பார்க்காமல், வீட்டில் இருந்த காகிதம் அத்தனையையும் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். மின் கட்டணம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, செருப்புக்கடை பில். அதற்குள் ஒரு ரசீது. மனநல ஆலோசனை, மூன்று அமர்வுகள், தூக்கமின்மை. பாலிசி எடுப்பதற்கு ஒரு வருடம் முந்தையது. விண்ணப்பத்தில் கேள்வி எண் பதினான்கு: கடந்த ஐந்து ஆண்டுகளில் மனநலம் தொடர்பாக யாரையாவது அணுகினீர்களா? கண்ணாடிக்காரர் 'இல்லை' என்று போட்டிருந்தார்.

பூதக்கண்ணாடி நான்கே வரியில் குறிப்பு எழுதினார். உண்மையை மறைத்தது, இருதய நோய்க்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய நிலை, நிராகரிக்கப் பரிந்துரை. மேலாளர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் நேரில் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தூக்கம் வரலைன்னு போனது தப்பாங்க?"

"போனது தப்பில்லம்மா. சொல்லாததுதான்."

மறுநாளிலிருந்து செத்துப்போன கண்ணாடிக்காரர் வர ஆரம்பித்தார். பஸ் ஜன்னலில், ஓடும் தெருவுக்கு மேல் மிதந்தபடி. மதியம் அலுவலகக் கண்ணாடிக் கதவில். பல் விளக்கும்போது முகம் பார்க்கும் கண்ணாடியில், இவர் தோளுக்குப் பின்னால். முறைத்திருந்தால் பரவாயில்லை, முறைக்கிறவர்களை இவர் இருபத்தோரு வருடமாகப் பார்க்கிறார். இந்த ஆள் இவர் பக்கமே திரும்பவில்லை. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பூசிய பசை காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார். காயவில்லை போலிருக்கிறது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆலோசகர் யாரிடம் போவது என்று இவர் விசாரிக்கவில்லை. அந்த ரசீதில் இருந்த முகவரிக்கே போனார். வேறு எந்தத் தொழில்காரனும் இந்தக் காரியத்தைச் செய்யமாட்டான். கோப்பில் ஒரு பக்கம் குறைகிறது என்றால் அது கிடைக்கும்வரை இவருக்கு இருப்புக்கொள்ளாது. கண்ணாடிக்காரர் எதனால் தூங்கவில்லை என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது.

ஆறு வியாழக்கிழமைகள் போனார். ஆலோசகர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முழங்கால் வலிக்கு ஒரு ஸ்டூலில் காலை நீட்டியபடி கேட்பார். இவர் மேலாளரைப் பற்றிப் பேசினார், பஸ் நெரிசலைப் பற்றிப் பேசினார், மச்சான் பெயரில் மச்சானைப் பற்றியே பேசினார். அந்த அறை ஜன்னலில் மட்டும் கண்ணாடிக்காரர் வரவில்லை. ஆறாவது வாரம் எல்லாவற்றையும் கொட்டினார், தன் பெயர் உட்பட.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து காலை இறக்கி வைத்தார்.

"அப்படி ஒருத்தர் இங்க வந்தாரா இல்லையாங்கறதக்கூட நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்தீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டாலும் இதே பதில்தான்."

"செத்துப் போயிட்டாரே."

"அதனால?"

"எதுக்குத் தூங்கலைன்னு மட்டும் சொல்லுங்க. அது இருதயத்தால இருந்துச்சுன்னா நான் எழுதினது சரி. நிம்மதியா இருப்பேன்."

"எழுதும்போது உங்களுக்கு எப்படித் தோணுச்சு? சரின்னா?"

அவர் குனிந்து நாற்காலியைப் பார்த்தார். வருகிறவர்கள் உட்கார அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. கைப்பிடியின் ஓரத்தில் பாலிஷ் தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு மரம் வெளுத்திருந்தது. அவர் கையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வாரமா வியாழக்கிழமை லேட்டு. பேங்க்ல இருந்து வாராவாரம் பணம் எடுக்கறீங்க. யாரு அவ?"

"மனநல ஆலோசகர்."

"அட பாவி மனுஷா, படிச்சவளா?"

விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடிக்காரரைப் பற்றியும் சொன்னார். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. காய் நறுக்கிய கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கார்டுலயே போயிருக்கலாமே. எதுக்குக் கைக்காசு?"

"வானொலி வாசிப்பான்."

"சரி. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நானும் பையில அள்ளிப்போட்டுத்தானே கொண்டு வந்து கொடுப்பேன்? எனக்கு மட்டும் எது எதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"ரசீதே வாங்கல. எதுவும் சிக்காது."

"விவரமாத்தான் இருக்கீங்க" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு காகிதங்கள் அவர் மேசையில் இருந்தன. ஒன்று, கண்ணாடிக்காரரின் மனைவி போட்ட மேல்முறையீடு. அன்றோடு கெடு முடிகிறது. இன்னொருமுறை நிராகரித்தால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும். மேல்முறையீட்டை வேறொரு ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்பது விதி. வானொலி பார்ப்பார். பார்ப்பது என்றால், பூதக்கண்ணாடியின் பழைய குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போடுவது. இன்னொன்று, ஊழியர்களுக்கான பாலிசிப் புதுப்பிப்புப் படிவம். பணியாளர் பிரிவுப் பெண் மேசையோரம் நின்றாள்.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணிக் கொடுத்துடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் கொடுக்கறாங்க."

பதின்மூன்று கேள்விகளுக்கு 'இல்லை' போட்டார். எதிரே கோப்பு அலமாரியின் கண்ணாடியில் அந்த ஆள் கீழ்மூலையை அழுத்திக்கொண்டிருந்தார். பதினான்காவதில் பேனா நின்றது. ஒரு புள்ளி மை ஊறிப் பெரிதாயிற்று.

"நீ போம்மா. நானே கொண்டு வந்து தரேன்."

'ஆம்' என்பதற்கு நேரே டிக் செய்தார். விவரம் எழுத ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள். மனிதனின் துன்பத்துக்கு அது போதும் என்று ஏதோ ஒரு குழு கூடி முடிவு செய்திருக்கும். அவர் இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பி, ஓரத்தில் மேலேறி எழுதினார். ஆலோசகரிடம் ஆறு முறை போனேன். காரணம், கண்ணாடி பொருத்துபவரின் கோப்பு. தூக்கமின்மைதான் மாரடைப்புக்குக் காரணம் என்று காட்ட அதில் ஒரு காகிதமும் இல்லை. குறிப்பு எழுதும்போதே எனக்கு இது தெரியும். பெயர், கையெழுத்து, தேதி. அதை மேல்முறையீட்டோடு சேர்த்துக் குத்தி எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனார்.

வானொலி போனில் இருந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. இத்தனை வருடத்தில் பூதக்கண்ணாடி அதில் உட்கார்ந்ததில்லை. நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. மேசையின் மேல் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. நிமிர்ந்தால் வானொலியின் தாடை, குனிந்தால் மேசைக்கு அடியில் அவர் கால்கள். ஷூவைக் கழற்றிவிட்டிருந்தார். இந்த மாடியில் எல்லோரும் அப்படித்தான், பூதக்கண்ணாடியும்தான். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி அன்றைக்குப் பூதக்கண்ணாடியின் மேசைக்கு எதிரே, இதே மாதிரி நாற்காலியில், தலை நிமிராமல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதைக் குற்றவுணர்வு என்று அவர் கோப்பில் எழுதியிருந்தார்.

வானொலி போனை வைத்துவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தார். கிழிந்த சாக்ஸுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்த பெருவிரல், அவர் படிக்கப் படிக்க, மெல்ல மடங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.